எண் போடாத இடம்

பவுன் நிறுக்கிற தராசு ஒன்று
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் வாங்கினேன்.
"பட்டறை வெச்சிருக்கீங்களா?" என்றான் கடைக்காரன்.
"இல்ல, சோறு நிறுக்க."
சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

மிதுனாவுக்கு வேளைக்கு நாற்பது கிராம்.
நாற்பத்திரண்டு காட்டினால்
விரல்நுனியால் கிள்ளி என் வாயில் போட்டுக்கொள்வேன்.
மகளுக்கு ஆகாத கிராம்களைத் தின்று
ஒன்பது வருஷமாய் நான்தான் பெருத்துக்கொண்டு வருகிறேன்.

பருப்பு கிடையாது. பால், கறி, முட்டை கிடையாது.
களி உருண்டை கண்ணால் பார்க்க மட்டும்.
கூரியரில் வருகிற மாவு ஒன்று உண்டு,
டப்பாவில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது விலைதான்.
கரைத்தால் நனைந்த உரச்சாக்கு மணம்.
கடகடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைப்பாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் வரைந்தார்கள்.
சதுரம் அவர், வட்டம் நான்,
நடுவில் ஒரு கோடு.
பேனாவை எடுக்காமலே டாக்டரம்மா கேட்டார்: "சொந்தமா?"
"மாமன் மகன்."
அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழுந்தது.
ரயிலே வராத எங்கள் காவேரிப்பட்டணத்துக்கு
அன்றைக்குத்தான் தண்டவாளம் போட்டார்கள்.

எழுத்துப் பிழை மாதிரி, என்றார்.
அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.
பத்திரத்தில் சர்வே எண் தப்பாக விழுந்திருந்தால்
விற்கப் போகும்வரை யாருக்குத் தெரியும்?
ரெண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்
பருப்பில் இருக்கிற ஏதோ ஒன்றை உடைக்க
உடம்பில் ஆளில்லை.
அது தேங்கும். தலைக்கு ஏறும்.
ஆனால் பிழை மட்டும் இருந்தால் போதாதாம்,
அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டுமாம்.

நான் போட்டேன்.

தீர்த்தனுக்கு, தலைச்சன் பிள்ளைக்கு.
செம்பட்டை முடி, வெளுத்த தோல்.
"பெங்களூர்ப் புள்ள மாதிரி" என்று
தெருவே கன்னத்தைக் கிள்ளியது, எனக்குப் பெருமை.
எருமைப்பால் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தேன்.
துவரம்பருப்பில் நெய்விட்டு மசித்து ஊட்டினேன்.
துப்பினான்.
தாடையைப் பிடித்துத் திணித்தேன்.
அவன் துணியில் எலி மூத்திர வாடை அடித்தது.
துவைத்தேன், பொறி வைத்தேன்.
மூன்று எலி விழுந்தது.
வாடை போகவில்லை.

மூன்று வயதில் நடந்தான். பேச்சு வரவில்லை.
தலையைச் சுவரில் மோதுவான்.
தீர்த்தமலைக்கு நாலு நடை போய்வந்தோம்.
அப்புறம் மிதுனா பிறந்தாள்.
வார்டில் ஆடிக்கொண்டே நின்ற அண்ணனைப் பார்த்த
பயிற்சி டாக்டர் ஒருத்தி
யாரும் கேட்காமலே தங்கச்சியின் குதிகாலைக் குத்தினாள்.
தங்கச்சி ரத்தம்தான்
அண்ணன் நோய்க்கும் பெயர் சொன்னது.
ஒரே எழுத்து, ஒரே இடத்துப் பிழை.
தட்டு மட்டும் வேறே.

மிதுனா இப்போது நாலாம் வகுப்பு.
சத்துணவு முட்டையைப் பக்கத்து பெஞ்சு முனிரத்தினத்துக்குக் கொடுத்து
கணக்கு வீட்டுப்பாடம் எழுதி வாங்குகிறாள்.
கல்யாண வீட்டில் சர்க்கரை இல்லாத கலர் நீட்டினால்
பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்து
"எனக்கு ஆவாது அத்தை" என்கிறாள்.
ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடும் என்கிற அத்தைகளுக்கு
நான் அண்ணனைக் காட்டுவதில்லை.
அவளும் காட்டமாட்டாள்.

தீர்த்தனுக்கும் இப்போது அதே தராசுதான்.
ராத்திரி தூங்குகிறான். சுவரில் ரத்தம் இல்லை.
போனது வராது என்று சொல்லிவிட்டார்கள்.

மே மாசம் மாங்கூழ் ஆலையில் மூன்று ஷிப்ட்.
அடிபட்ட செந்தூரா ஒரு கிரேட்டு
அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.
டாக்டரம்மா கொடுத்த பட்டியலில்
சோற்றுக்கு நேரே எண், உருளைக்கு நேரே எண்,
மாம்பழத்துக்கு நேரே வெறும் கட்டம்.
விட்டுப்போச்சா என்று போன் போட்டே கேட்டேன்.
"இல்லம்மா, அத நிறுக்க வேணாம்."

தராசை அலமாரி மேலே தூக்கி வைத்தேன்.
அன்னக்கூடை நிறையப் பழம்.
மிதுனா முழங்கை வழியே சாறு ஒழுக
இது ஏழாவது என்கிறாள்.
தீர்த்தன் சப்பிய கொட்டையை உற்றுப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
என் தாடையைப் பிடித்து
வாயில் திணித்தான்.

நான் துப்பவில்லை.